வலது கை ஓரத்துச் சிப்பாய்

செங்கொடிக்குச் செஸ் ஆடத் தெரியாது. எந்தக் காய் எப்படி நகரும் என்று தெரியும், அவ்வளவுதான். எதிரே ஒரு ஆளை உட்கார வைத்தால் பத்து நிமிஷத்தில் ராணியைப் பறிகொடுத்துவிட்டு முழிப்பாள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் செஸ் ஆடுகிற கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றைத் திருவொற்றியூர் வட்டாரத்தில் உட்கார்ந்து எழுதியவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே அவளைப் பெரிய ஆட்டக்காரி என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரன் அவள் புருஷன் ஜெயவேல்.

செங்கொடி என்ற பெயரைக் கேட்டாலே அவள் அப்பா எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துவிடும். திருவொற்றியூரில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் யூனியன்காரர். ஸ்டிரைக் நடந்த வருஷத்தில் பிறந்த பெண் என்பதால் அந்தப் பெயர். உழைக்கும் வர்க்கம், உழைக்கும் வர்க்கம் என்று கேட் மீட்டிங்கில் தொண்டை கிழியப் பேசியவர், அந்த வர்க்கத்தில் ஒருத்தன் நிஜமாகவே பெண் கேட்டு வந்தபோது மூன்று மாதம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. பெண் பி.எஸ்சி. கணக்கு, கம்ப்யூட்டர் டிப்ளமோ. பையன் வியாசர்பாடி, பத்தாவது ஃபெயில். ஹார்பரில் கப்பல் மேல் ஏறி, அடுக்கிய கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை.

அவர் கடைசியில் சம்மதித்தார்தான். ஆனால் காலடிப்பேட்டையில் இவர்கள் குடித்தனம் வைத்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் மகளிடம் உலக விஷயம் பேசுவார். மருமகனிடம், "ஷிஃப்ட் எப்போ?" என்று கேட்பார். வேறு எதுவும் கேட்கமாட்டார். ஜெயவேலும் "மதியம் மாமா" என்றோ "காலையில மாமா" என்றோ சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவான். செங்கொடிக்கு அப்போதெல்லாம் உடம்பு எரியும்.

வெளியே போகிறவன் நேரே தண்டையார்பேட்டைத் திடலுக்குத்தான் போவான். அங்கே வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் மேஜை. அதன் மேல் யாரோ ஒரு கொத்தனார் எந்தக் காலத்திலோ கருப்பு வெள்ளைச் சில்லு பதித்து செஸ் கட்டம் போட்டிருந்தார். இரண்டு பக்கம் சிமென்ட் திண்டு, உட்கார. மற்ற இரண்டு பக்கமும் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு. அந்த மேஜையில் பதினாறு வயதிலிருந்து ஆடிய ஜெயவேலை ஜெயித்தவர்கள் பேரை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வேறு எந்தப் பலகையிலும் அவன் ஆடியதில்லை. ஹார்பரில் அவன்கூடக் கம்பி கட்டுகிற எத்திராஜ்தான் அவனோடு அதிகம் ஆடியவன், அதிகம் தோற்றவனும் அவனே.

செங்கொடி, டோல்கேட் என்கிற இடத்தில் சௌக்கத் அலி நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு மிஷின், ஒரு ஏசி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும். கோயிலுக்குக்கூட அவ்வளவு பயபக்தியோடு ஜனங்கள் போகமாட்டார்கள். காலையில் முதல் பேட்ச் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்து, தொண்ணூற்றெட்டில் அவள் அந்தப் புரோகிராமை எழுத ஆரம்பித்தாள். ஏன் எழுதினாள் என்றால், புருஷன் ராப்பகலாகப் பேசுகிற விஷயம் என்னவென்று தெரிந்துகொள்ளத்தான். அவள் வழியில் தெரிந்துகொள்வதென்றால் அதற்குப் புரோகிராம் எழுதுவதுதான்.

முதல் தடவை ஜெயவேலைக் கூட்டிவந்து காட்டினாள். வெயிலிலேயே வேலை செய்தவனுக்கு அந்தத் திரை கண்ணைக் கூசியது. திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நடைகளை வாயால் சொல்லி, பதினைந்தாவது நடையில் மிஷினின் ராஜாவை முடக்கிவிட்டான்.

"இதுக்குக் கண்ணு நல்லா கீது," என்றான். "மூளதான் இல்ல."

அவன் விளையாட்டாகச் சொன்னது, விஷயம் தெரிந்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த விஷயமேதான். மிஷின் இரண்டு விதமாக ஆடலாம். ஒன்று, நான் இப்படி வைத்தால் நீ எப்படி வைப்பாய், அதற்கு நான் எப்படி என்று, நடை நடையாக முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே போவது. எவ்வளவு வேகமான மிஷினோ அவ்வளவு தூரம் எட்டும். இன்னொன்று, எட்டிப் பார்க்காமலே, இது நல்ல நிலைமை, இது கெட்ட நிலைமை என்று அனுபவத்தில் தெரிந்ததை முன்கூட்டியே அதற்குள் எழுதி வைத்துவிடுவது. அவள் எழுதிய மிஷின் ஆறு நடை எட்டிப் பார்க்கும். ஆனால் பார்த்ததும் காய்களை எண்ணுவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது.

"அந்த மூளைய நீ குடுயா," என்றாள் செங்கொடி. "நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்."

ஜெயவேல் திரும்பி அவளைப் பார்த்தான். அவனிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லிக் கேட்டதில்லை, எழுதிக்கொண்டதும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவன் திடலில் ஆடுவான். அவள் ஒரு நீல அட்டை நோட்டோடு மேஜையின் பக்கவாட்டில், வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்கிற இடத்தில் நின்று, அவன் சொல்வதை எழுதுவாள். அவற்றுக்கு அவன் 'வாக்கு' என்று பெயர் வைத்தான். என் வாக்கு ஒண்ணு, என் வாக்கு ரெண்டு என்று. வாக்குகளுக்குச் செல்லப் பெயர்களும் உண்டு. தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் நிற்கிற யானைக்கு, லாரிகள் முடங்கி நிற்கிற இடத்தின் பெயராலேயே 'டோல்கேட்'. மூலைச் சிப்பாய்க்கு ஆசைப்பட்டு உள்ளே போய் மாட்டிக்கொள்கிற மந்திரிக்கு 'வலை'. எதிராளி சும்மா விட்டுக்கொடுக்கிற சிப்பாயை ராணியை அனுப்பி வெட்டாதே என்பதற்கு 'ஓசிச் சோறு'. "ஓசில கெடச்சா துன்னாத, இன்னா ஏதுன்னு பாரு," என்பான்.

ஒன்பதாவது வாக்கைச் சொன்னபோது மட்டும் அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, காய்களைத் தள்ளி, தனியாக அடுக்கிக் காட்டினான். ராஜா, ஒரு மந்திரி, ஓரத்தில் ஒரு சிப்பாய். எதிரே ஒற்றை ராஜா. சிப்பாய் கடைசிக் கட்டம் போய்ச் சேர்ந்தால் ராணியாகிவிடும்; மந்திரியோ குறுக்காக, ஒரே நிறக் கட்டங்களில் மட்டுமே நடக்கும். "எல்லாரும் இத்த கெலிச்சாச்சும்பான். இல்ல. ஓரத்துச் சிப்பாய்க்கு மந்திரி பாத்து வெச்சிக்கணும். வலது கை ஓரம்னா வெள்ளையில நடக்குற மந்திரி. எடது கை ஓரம்னா கருப்புல நடக்குறவன். மாத்தி வெச்சிகினா போச்சு. எதிராளி ராஜா சிப்பாய் போய்ச் சேர்ற மூலைல போய்க் குந்திக்கும். தலைகீழா நின்னாலும் கிளப்ப முடியாது. இத்த எனக்கு எவனும் சொல்லித் தர்ல. நாலு வருசம் தோத்துத் தோத்துக் கண்டுகினேன்."

அவள் அதை அப்படியே எழுதினாள். வலது கை, வெள்ளை. இடது கை, கருப்பு. மற்ற வாக்குகளையெல்லாம் அவள் தன் பாஷைக்கு மாற்றி, சுருக்கி, கணக்காக்கி எழுதினாள். இதை மட்டும் ஒரு வார்த்தை மாற்றாமல் புரோகிராமுக்குள் போட்டாள். அவன் கண்டுபிடித்தது அவன் சொன்னபடியே இருக்கட்டும் என்று ஒரு பாசம்தான். அந்தப் பாசம் என்ன வேலை செய்தது என்று பின்னால் வரும்.

மிஷின் ஒரு வாக்கைப் பார்த்து நடை வைக்கும்போது திரை மூலையில் அதன் எண் வருகிற மாதிரி செய்திருந்தாள். அதைக் காட்டிய அன்றைக்கு ஜெயவேல் கண் கூசுவதையெல்லாம் மறந்துவிட்டான். "ஏ, நாலு வந்துட்சு பாரு! டோல்கேட்ட உட்டு வெளிய வருது பாரு!" என்று சென்டரே அதிர்கிற மாதிரி கத்தினான். அடுத்த ரூமிலிருந்து சௌக்கத் அலி ஓடிவந்து எட்டிப் பார்த்தார். திடலில் எத்திராஜிடம், "என் மூள டோல்கேட்ல ஏசில குந்திகினு கீது, நீ என்னான்ட தோக்கறது பத்தாம அதாண்டயும் போய்த் தோத்துட்டு வா," என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அப்பா வந்த ஒரு நாள் செங்கொடி வேண்டுமென்றே, "இவருதான் எனக்கு டிக்டேட் பண்றாரு," என்றாள். அப்பா ஒரு நிமிஷம் மருமகனைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் ஜெயவேலுக்கு ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது.

வாக்குகள் முப்பத்தேழு சேர்ந்தன. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. ஒவ்வொரு நிலைமையிலும் முப்பத்தேழு வாக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க மிஷினுக்கு நேரம் வேண்டும். அந்த நேரம் எட்டிப் பார்க்கிற நேரத்திலிருந்துதான் போக வேண்டும். ஆறு நடை பார்த்துக்கொண்டிருந்தது, இப்போது அதே நேரத்தில் நாலு நடைக்கு மேல் பார்க்க முடியாமல் திணறியது. இரண்டாயிரத்தில் குழந்தை மாயா பிறந்து, ஆறு மாதம் கழித்து சென்டருக்குத் திரும்பிய செங்கொடி, ஒரு சோதனை செய்து பார்த்தாள். வாக்கு எல்லாம் உள்ள புரோகிராமையும், ஒன்றுகூட இல்லாத மொட்டைப் புரோகிராமையும் இரண்டு மிஷினில் போட்டு மோதவிட்டாள். நூறு ஆட்டம். அறுபத்தெட்டில் மொட்டை ஜெயித்தது.

வாக்குகளில் தப்பில்லை. ஒவ்வொன்றும் சரியானதுதான். ஆனால் 'யானை மாட்டிக்கொள்ளும்' என்று ஜெயவேல் வாக்கில் இருந்ததை, மொட்டை இரண்டு நடை அதிகமாக எட்டிப் பார்த்துத் தானே தெரிந்துகொண்டது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் செஸ் புரோகிராம்களுக்கு ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். சௌக்கத் அலி ஆலாய்ப் பறந்து பெயர் கொடுத்துவிட்டார். "நம்ம சென்டர் பேரு வெளிய வரணும்மா, பாத்துக்கோ," என்றார். செங்கொடி ஒரு வாக்கை எடுத்தாள், ஆட்டம் கொஞ்சம் பலப்பட்டது. இன்னொன்றை எடுத்தாள். எடுக்கும்போதெல்லாம் அதே நீல நோட்டில் குறித்துக்கொண்டாள்: இந்த வாக்கு தின்ற நேரம் இவ்வளவு, எடுத்ததால் மிச்சம் இவ்வளவு என்று நொடியைப் பொடிப்பொடியாக்கி எழுதினாள். இரண்டு மாதத்தில் முப்பத்தாறு போய்விட்டன. ஒன்பதாவது மட்டும் மிச்சம். அதைப் பாசத்துக்காக மட்டும் வைக்கவில்லை. எட்டு நடை பார்த்தாலும் பத்து நடை பார்த்தாலும் மிஷினுக்கு, ஒரு மந்திரி கையில் இருக்கிறது, ஒரு சிப்பாய் இருக்கிறது, பிரமாதம் என்றுதான் தோன்றும். எதிராளி ராஜா மூலையில் உட்கார்ந்துவிட்டால் உலகம் முடிகிற வரைக்கும் கிளப்ப முடியாது என்பதை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஜெயவேல் சொல்லியிருந்தான்.

அவனிடம் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தாள். சாப்பாடு போடும்போது சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம், போட்டி முடியட்டும் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். தள்ளியதோடு நிற்காமல் இன்னொரு காரியமும் செய்தாள். அவன் அவ்வப்போது சென்டருக்கு வந்து திரை மூலையைத்தானே பார்ப்பான்? மிஷின் தன் பாட்டுக்கு எட்டிப் பார்த்து நடையை முடிவு செய்த பிறகு, அந்த நடை எந்த வாக்கோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணைச் சும்மா காட்டும்படி எழுதி வைத்தாள். அதற்கு நேரமே ஆகாது. அவன் வந்தான், பார்த்தான், "பன்னெண்டு! பன்னெண்டு வந்துட்சு!" என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போனான். செங்கொடி கீபோர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இரண்டாயிரத்தொன்று பிப்ரவரியில் போட்டி. ஜெயவேல் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். எத்திராஜும் திடல்காரர்கள் இரண்டு பேரும் கூடவே வந்தார்கள். காலேஜ் ஹாலில் பெரிய திரையில் ஆட்டத்தைக் காட்டினார்கள். இவர்கள் மிஷின் காலையில் இரண்டு பேரை அடித்தது. மூலையில் ஒவ்வொரு எண் வரும்போதும் ஜெயவேல் எத்திராஜின் தொடையில் ஓங்கித் தட்டினான்.

கடைசி ஆட்டம் அந்தக் காலேஜின் சொந்தப் புரோகிராமோடு. மூன்று மணி நேரம் இழுத்தது. முடிவில் இவர்கள் பக்கம் ராஜா, இரண்டு மந்திரி, வலது கை ஓரத்தில் ஒரு சிப்பாய். எதிரே ராஜாவும் ஒரு யானையும். வேறு வழியில்லாமல் அந்த யானை இரண்டு மந்திரிகளுக்கும் நடுவே வந்து நின்றது. ஒரு மந்திரியை நகர்த்திக் காப்பாற்றலாம். மற்றதை யானை வெட்டும், அந்த யானையை ராஜா வெட்டிவிடலாம். எந்த மந்திரியை வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. மிஷின் யோசித்தது. திரை மூலையில் ஒன்பது என்று வந்தது.

"ஒம்போது!" என்று எழுந்தே நின்றுவிட்டான் ஜெயவேல். "வெள்ளைய வெச்சிக்கும் பாரு. வலது கை, வெள்ளை. முடிஞ்சுது ஆட்டம்."

மிஷின் வெள்ளையில் நடக்கிற மந்திரியை வைத்துக்கொண்டது. கருப்பைக் கொடுத்து யானையை வெட்டியது. எதிராளி ராஜா ஆடி அசைந்து நடந்துபோய், சிப்பாய் போய்ச் சேர வேண்டிய வலது மூலையில் உட்கார்ந்தது. அந்த மூலைக் கட்டம் கருப்பு. வெள்ளையில் நடக்கிற மந்திரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஐம்பது நடை ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டம் டிரா. புள்ளிக் கணக்கில் கப் அந்தக் காலேஜுக்கே போய்விட்டது.

காலேஜ்காரர்கள் பக்கமிருந்து ஒரு வாத்தியார் சிரித்துக்கொண்டே, "யாருங்க இந்த ரூல் எழுதினது? தலைகீழா இருக்கே! மூலை கருப்புன்னா கருப்புல போற மந்திரி வேணும், சின்னப் பசங்களுக்கே தெரியுமே," என்றார். ஹால் சிரித்தது. சௌக்கத் அலி தலையைக் குனிந்துகொண்டார். ஜெயவேல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு செங்கொடியிடம் வந்து, "இல்லமே, எங்கியோ தப்பு கீது. நான் சொன்னது கரெக்டுதான். மீதியெல்லாம் எப்டி வந்துச்சு பாத்தல்ல? நாலு, பன்னெண்டு, இருவது..." என்றான்.

அவமானத்தில் அவளுக்குக் கண்மண் தெரியவில்லை. இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டது, வரக்கூடாத இடத்தில், வரக்கூடாத மாதிரி வந்தது.

"எது வந்துச்சு? ஒண்ணும் வர்ல! அதெல்லாம் வெறும் நம்பருயா. முப்பத்தாறையும் எப்பவோ எடுத்துட்டேன். எடுத்தப்பறம்தான் அது ஆடவே ஆரம்பிச்சுது. நீ சொன்னதுல ஒண்ணே ஒண்ணுதான் வெச்சிருந்தேன். அதுவும் தப்பு!"

எத்திராஜ் கேட்டான். திடல்காரர்கள் கேட்டார்கள். அந்த வாத்தியாரும் கேட்டார். ஜெயவேல் சட்டைக் கை மடிப்பைப் பிரித்துவிட்டான், மறுபடி மடித்தான். "சரி, வா, கொழந்த அழும்," என்றான்.

அன்றைக்கு அவன் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாத்திரத்தை விட்டெறிந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் எதுவும் செய்யவில்லை. திடலுக்குப் போவதை நிறுத்தினான். அந்த வழியாக நடக்க வேண்டியிருந்தால் பின்னால் உள்ள தெருவில் சுற்றிக்கொண்டு போனான். எத்திராஜ் வீடு தேடி வந்து கூப்பிட்டபோது, "அட போப்பா, மறந்தே பூட்ச்சு," என்று சிரித்தான். வீட்டில் எது கேட்டாலும் ஒரே பதில்தான். மாயாவை எந்த ஸ்கூலில் சேர்ப்பது, காய்ச்சலுக்கு எந்த டாக்டர், குழாயை எந்தப் பக்கம் வைக்கச் சொல்வது, எல்லாவற்றுக்கும், "நீ படிச்சவ, நீயே பாத்துக்கோ." குத்தலாகச் சொன்னால் திருப்பிக் குத்தலாம். அவன் நிஜமாகவே அப்படி நம்பிச் சொல்கிற மாதிரி இருந்தது. மாமனார் "ஷிஃப்ட் எப்போ?" என்று கேட்டால் இப்போது எழுந்து வெளியேகூடப் போவதில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

செங்கொடி மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள். "எதுக்குமே? தப்ப தப்புன்ன. அதுல இன்னா கீது," என்றான். அவளும் புரோகிராமை மூடி வைத்துவிட்டாள். சென்டரில் புது மிஷின்கள் வந்தன, பழையதைப் போல நாலு மடங்கு வேகம். முப்பத்தேழு வாக்கையும் உள்ளே வைத்தாலும் பழையபடி ஆறு நடை பார்த்திருக்கும். ஆனால் தப்பாகச் சொன்ன மனுஷனிடம் போய் மறுபடி சொல்லு என்று எந்த முகத்தோடு கேட்பது? ஆமாம், மூன்று வருஷமும் அவன் சொன்னதுதான் தப்பு என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்து நாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திடலில் போலியோ சொட்டு மருந்து முகாம் போட்டிருந்தார்கள். மாயாவைத் தூக்கிக்கொண்டு போன செங்கொடி, நீளமான க்யூவைப் பார்த்துவிட்டு, வேப்பமரத்தடியில் காலியாகக் கிடந்த சிமென்ட் திண்டில் உட்கார்ந்தாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்திருக்கிறாள். ஆனால் எப்போதும் பக்கவாட்டில் நோட்டோடு நின்றவள். ஆடுகிறவர்கள் உட்காருகிற இடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

மேஜை மேல் கைப்பையை வைத்தாள். வலது கையின் கீழே, அவள் பக்கத்து மூலைக் கட்டம். அது கருப்பு.

அவள் கையை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தாள். சென்டரில் உள்ள திரையிலானாலும் சரி, உலகத்தில் எந்தப் பலகையானாலும் சரி, ஆடுகிறவனுடைய வலது கை மூலை வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அவள் எழுந்துபோய்த் தான் வழக்கமாக நின்ற இடத்தில் நின்று பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் வலது மூலை வெள்ளை, எல்லாம் சரியாக இருந்தது. திரும்பி வந்து ஜெயவேலின் இடத்தில் உட்கார்ந்தாள். கருப்பு. கட்டம் போட்ட கொத்தனார் தப்பாகப் போடவில்லை. உட்காருகிற திண்டு இரண்டையும் பக்கம் மாற்றிக் கட்டிவிட்டார். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அவள் விரலை வைத்து வலது ஓரத்தில் ஒவ்வொரு கட்டமாக மேலே போனாள். எட்டாவது கட்டம், சிப்பாய் போய்ச் சேருகிற மூலை, வெள்ளை. வலது கை ஓரம்னா வெள்ளையில நடக்குற மந்திரி. இந்த மேஜையில் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதைத் திரைக்குக் கொண்டுபோகும்போது நிறத்தை மாற்றிப் போட்டிருக்க வேண்டியவள் அவள்.

மாயா மடியிலிருந்து இறங்கி ஓடியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. யாரோ பிடித்துக்கொண்டுவந்து விட்டார்கள். சொட்டு மருந்து போட்டு, மாயாவின் சுண்டு விரலில் மை வைத்ததும், கிட்டத்தட்ட ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். பரணில் கிடந்த நீல அட்டை நோட்டைத் தேடி எடுத்தாள். ஜெயவேல் குழாயடியில், கம்பி கட்டும்போது போடுகிற கையுறைகளின் துருவைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். திண்டு, மூலை, கருப்பு, வெள்ளை. "நீ சொன்னது தப்பே இல்லயா. நான்தான் பாக்காம எழுதிட்டேன். நான்தான் தப்பு," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுகையில் சந்தோஷமும் இருந்தது. மூன்று வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தாள்.

ஜெயவேல் ஒரு கையுறையைப் பிழிந்து கொடியில் போட்டான்.

"தெரியும்," என்றான்.

"என்னாது?"

"போட்டிக்கு மறுநாளே தெரியும். அந்த ஹால்ல மூல கருப்புன்னாங்கள்ல, நேரா மேஜையாண்ட போய்ப் பாத்தேன். இங்க அந்த மூல வெள்ளையா கீது. அப்பவே புரிஞ்சிட்சு."

"தெரிஞ்சும் மூணு வருசமா ஏன்யா சொல்லல?"

அவன் இன்னொரு கையுறையையும் பிழிந்தான். "சொன்னா நீ அந்த ஒண்ண திருத்தியிருப்ப." கொஞ்சம் பொறுத்து, "மீதி முப்பத்தாறு? அதுவும் தப்பா?" என்றான்.

"இல்ல. எல்லாம் கரெக்டுதான்."

"அப்பறம் ஏன் எடுத்த?"

செங்கொடி கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். அவன் வாக்குகளுக்குக் கீழேயே, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் தின்றது என்று அவள் எழுதி வைத்த கணக்கு வரிசையாக இருந்தது. "நேரம் எடுத்துச்சுயா," என்றாள். "மிஷினுக்கு நேரம் பத்தல. எல்லாத்தையும் பாத்துகினு இருந்தா அதால தூரமா பாக்க முடியல."

ஜெயவேல் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான்.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு எம்மாம் நேரம் ஆயிருக்கும்?" என்றான்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான் போலிருந்தது. பதில் வரும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.